முதுகுக்குப் பின்னால் ஒரு கேள்வி

"டீச்சர், என் கிளாஸ்ல பேய் இருக்கு" என்றார் மாசானமுத்து சார்.

ஜெசிந்தா டீச்சர் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

"எந்த கிளாஸ் சார்?"

"ஒன்பது பி. வியாழக்கிழமை மத்தியானம் முதல் பீரியட். நலக்கல்வி."

மாசானமுத்து சார் பி.டி. வாத்தியார். வயது ஐம்பத்து நாலு. இருபத்தெட்டு வருஷமாக விசில் ஊதிப் பிள்ளைகளை மைதானத்தில் ஓட விட்டவர். இந்த வருஷம் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு, "உடம்பைப் பத்தின பாடம்தான, நீங்களே நடத்திருங்க" என்று நலக்கல்வியை அவர் தலையில் கட்டிவிட்டார்.

ஜெசிந்தா டீச்சர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதே பாடத்தை ஆறு வருஷமாக நடத்துகிறவர். சாரின் மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவர். அவரிடம் போய் நிற்க சாருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். பி.டி. வாத்தியாருக்குப் பேய்ப் பயம் வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே!

"என்ன பண்ணுது அந்தப் பேய்?"

"நான் போர்டுல எழுதத் திரும்புவேன். பின்னாலருந்து ஒரு குரல் கேக்கும். திரும்பிப் பார்த்தா ஒருத்தர் வாயும் அசைஞ்சிருக்காது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கல்லு மாதிரி உக்காந்திருக்கும்."

"பையன் குரலா, பொண்ணு குரலா?"

"ரெண்டுலயும் சேராது டீச்சர். ரொம்பச் சன்னமா, தொண்டைக்குள்ளயே நிக்கிற மாதிரி."

"என்ன சொல்லுது?"

சார் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"அதை யார்கிட்ட சார் சொல்லணும்? அப்படின்னு கேக்குது."

டீச்சர் கையில் எடுத்த சோற்றை டிபன் பாக்ஸிலேயே வைத்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யார்ரா அதுன்னு ஒரு சத்தம் போட்டேன்."

"அது கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

"கேட்டது யாருன்னு தெரிஞ்சாத்தான பதில் சொல்ல முடியும்?"

டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எப்பருந்து கேக்குது?"

"அஞ்சாம் பாடத்துக்கு அடுத்த வாரத்துலருந்து."

"அது பாதுகாப்புப் பாடம்ல? எப்படி நடத்துனீங்க?"

சார் நெளிந்தார்.

"பொம்பளப் பிள்ளைகளும் உக்காந்திருக்கு. தொடுறது கிடுறதுன்னு நான் எப்படி வாயைத் திறக்க? நீங்களே வீட்டுல படிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு ஆறாம் பாடத்துக்குப் போயிட்டேன்."

"வீட்டுல படிச்சுக்கச் சொல்லிட்டீங்க."

"ஆமா."

டீச்சர் டிபன் பாக்ஸை மூடினார். "மூணு மணி பஸ்ஸு ஒண்ணு இருக்கு சார். பார்த்துப் போயிட்டு வாங்க."

"பதிலே சொல்லலியே டீச்சர்?"

"என்னையா கேட்டுச்சு?" என்றார் டீச்சர்.

*

சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்றுப் பிறந்த பிள்ளை, என்ன பேச்சுப் பேசுகிறது! வழியெல்லாம் முனகிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று முடிவு கட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். போர்டில் தேதி எழுதினார். தேதியை முடிக்கும் முன்னால் அது கேட்டுவிட்டது.

"அதை யார்கிட்ட சார் சொல்லணும்?"

சார் விசிலை எடுத்து ஊதினார். முப்பத்தெட்டுப் பேரையும் வராந்தாவுக்கு விரட்டினார். டிரில்லுக்கு நிறுத்துவதுபோல உயரவாரியாக நிறுத்தினார்.

"ஒவ்வொருத்தரா முன்னால வா. 'அதை யார்கிட்ட சார் சொல்லணும்' அப்படின்னு சத்தமாச் சொல்லு. சொல்லிட்டு உள்ள போ. இன்னைக்குக் கண்டுபிடிக்காம விடப்போறதில்ல."

விசில் அடித்தால் வரிசை, வரிசை வந்தால் உண்மை. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டி வைத்துக்கொண்டார்.

முதலில் வந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான். பத்தாவது ஆள் வருவதற்குள் சிரிப்பு நின்றுபோயிற்று. இருபதாவது ஆள் சொல்லும்போது, பக்கத்து வகுப்பில் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். ஒரு பிள்ளைக்கு உதடு மட்டும் அசைந்தது, சத்தமே வரவில்லை. சார் இரண்டாம் தரம் விசில் ஊதியதும் எப்படியோ சொல்லிவிட்டு உள்ளே ஓடியது.

முப்பத்தெட்டுக் குரலையும் கேட்டாயிற்று. அந்தக் குரல் அதில் இல்லை.

சாருக்கு வேர்த்துவிட்டது. உள்ளே போய் போர்டில் பெரிய எழுத்தில் 1098 என்று எழுதினார்.

"குழந்தைகளுக்கான உதவி எண். பாடத்துலயே போட்டிருக்கு. எவனுக்கு என்ன சொல்லணுமோ இதுல சொல்லிக்கோங்க."

அவர் இன்னும் திரும்பவில்லை.

"போனு அப்பாகிட்டல்ல சார் இருக்கு" என்றது குரல்.

சாக்பீஸ் கைநழுவி விழுந்தது. திரும்பிப் பார்த்தார். முப்பத்தெட்டு வாயும் மூடியிருந்தன. மணி அடித்தது. பிள்ளைகள் லேபுக்குப் போய்விட்டார்கள்.

காலி வகுப்பில் சார் டஸ்டரை எடுத்து போர்டை அழித்தார். பாதிதான் அழித்திருப்பார்.

"யார்கிட்ட சார்?"

பின்னால் ஆளில்லாத பெஞ்சுகள். மனுஷன் டஸ்டரும் கையுமாக ஆபீஸ் ரூம் வரைக்கும் ஓடினார்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

*

"என்ன சார், இன்னும் பேயைப் பிடிக்கலியா?" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

டீச்சரின் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. சார் நின்றுகொண்டே பேசினார்.

"டீச்சர், அது பேயாவே இருக்கணும்னு எங்க குலசாமிய வேண்டிக்கிட்டு வாறேன்."

"ஏன் சார்?"

"பிள்ளையா இருந்தா, நாலு மணிக்கு பெல் அடிச்சதும் அந்த வீட்டுக்குத்தான போகும்? நேத்தும் போயிருக்கும். இன்னைக்கும் போகும்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தப் பிள்ளைன்னு கண்டுபிடிக்க ஒரு வழி மட்டும் சொல்லுங்க டீச்சர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டீச்சர் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துப் போட்டார். சாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார்."

"என்னத்தச் சொல்ல?"

"யார்கிட்டயும் சொல்லாததை."

"நான் பிள்ளைகளுக்காக வந்தேன்மா!"

டீச்சர் திரும்பவில்லை. மேலே ஃபேன் மட்டும் டக் டக்கென்று சுற்றியது.

சார் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசல் வரை போனார். வாசலில் நின்றார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு" என்றார். "ஹாஸ்டல்ல இருந்தேன். சமையல்கட்டுக்குப் பின்னால விறகு ரூம் ஒண்ணு இருக்கும்…"

மீதியை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கும் எனக்கும் சொன்னதில்லை.

பாதியில் சார் சட்டென்று நிறுத்தினார். கையில் மயிர் குத்திட்டு நின்றது. மைதானத்துக்கு அந்தக் கோடி வரை கேட்கிற குரல் அவருடையது. இப்போது அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது அது இல்லை. ரொம்பச் சன்னமாக, தொண்டைக்குள்ளேயே நின்றுகொண்டு, பையனிலும் சேராமல் பெண்ணிலும் சேராமல் ஒன்று பேசிக்கொண்டிருந்தது.

"டீச்சர்! இது… இது அந்தக் குரல்!"

டீச்சர் அப்போதும் திரும்பவில்லை.

"மீதியையும் சொல்லுங்க" என்றார்.

சொன்னார். நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. சொல்லி முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"இதை நீங்க யார்கிட்டயும் சொல்லிர மாட்டீங்களே டீச்சர்?"

"என் கிளாஸ்ல பிள்ளைகளும் முதல்ல இதைத்தான் சார் கேக்கும்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"பொய் சொல்ல மாட்டேன். உன்னைக் காப்பாத்த வேண்டியிருந்தா, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுவேன். அதுக்கு முன்னால உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். அவ்வளவுதான்."

சார் தலையாட்டினார். டீச்சர் அதைப் பார்க்கவில்லை.

*

வியாழக்கிழமை சார் புத்தகத்தில் அஞ்சாம் பாடத்தைத் திறந்தார்.

"யாரும் வாசிக்க வேணாம். நானே வாசிக்கிறேன்."

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். உடம்பின் எந்த இடத்துக்கு என்ன பெயரோ அந்தப் பெயரைச் சொன்னார். தொடுவது என்று வந்த இடத்தில் தொடுவது என்றே சொன்னார். வீட்டு ஆளாக இருந்தாலும், வாத்தியாராக இருந்தாலும் என்று இருந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டு போர்டுப் பக்கம் திரும்பினார். ஒன்றும் எழுதவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

"அதை யார்கிட்ட சார் சொல்லணும்?"

"என்கிட்ட" என்றார் சார்.

விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"பெல் அடிச்சப்புறமும் நான் இங்கயேதான் நிப்பேன். இப்படியே போர்டைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். நீ யாருன்னு நானாத் திரும்பிப் பார்க்க மாட்டேன். கத்த மாட்டேன். உன்னைத் தப்புச் சொல்ல மாட்டேன். உன்னைக் காப்பாத்தணும்னா சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுவேன், அதை முதல்ல உன்கிட்ட சொல்லுவேன். போறவங்க போகலாம்."

மணி அடித்தது. பெஞ்சுகள் நகர்ந்தன. கால்கள் தடதடவென்று வெளியே போயின. வராந்தாவில் சத்தம் தேய்ந்து அடங்கியது.

சார் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார். பின்னால் காலி வகுப்பு போலத்தான் இருந்தது. ஜன்னல் கதவு ஒரு தடவை அடித்துக்கொண்டது.

பெண்பிள்ளைகள் பக்கம் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. வெறுங்கால்கள் மெதுவாக நடந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றன.

சார் திரும்பவில்லை.

பையன்கள் பக்கம் இன்னொரு பெஞ்சு. கடைசி வரிசையில் இன்னொன்று. அப்புறம் சேர்ந்தாற்போல் இரண்டு. ஆறு வரைக்கும் எண்ணினார். அதற்கு மேல் எண்ண முடியவில்லை. முதுகில் ஒட்டியிருந்த சட்டையில் யார் யாரோ விடும் மூச்சுப் பட்டது.

வரிசையா வாங்க என்று சொல்ல வாயெடுத்தார், இருபத்தெட்டு வருஷப் பழக்கம். சத்தம் வரவில்லை.

"சார்" என்றது, சளி பிடித்திருந்த ஒரு சாதாரணப் பிள்ளைக் குரல். "நான் மொதல்ல சொல்லட்டுமா?"