கொழிஞ்சி விதையின் தூக்கம்

அந்தக் காலத்தில் செடிகளும் பாறைகளும் வாய்விட்டுப் பேசும். மனிதர்களும் நின்று கேட்பார்கள். கொழிஞ்சி விதைக்கு அப்போது வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தோல்தான். நாலு தூறல் விழுந்தால் போதும், விழித்துக்கொள்ளும்.

கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் ஒரு கொழிஞ்சிச் செடி ஊதாப் பூவோடு நின்றது. சித்திரையில் இடியோடு ஒரு மழை கொட்டியதும் அதைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று பிள்ளைகள் முளைத்தன. நாலாம் நாள் வெயிலில் அத்தனையும் கருகிப்போயின. மூன்று வருஷம் இதே கதை. கடைசியில் மிஞ்சியது ஏழே காய்.

கொழிஞ்சி பக்கத்துப் பாறையைக் கூப்பிட்டது.

"அண்ணே, இதுகளையும் சாகக்கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை. எந்த மழை வந்து எழுப்பினாலும் எழுந்திரிக்காத மாதிரி ஒரு போர்வை குடு."

"குடுக்கிறேன். எழுப்புறது எப்படின்னு மட்டும் என்னைக் கேக்காதே. நானே எழுந்து பழக்கமில்லாதவன்."

"முதல்ல தூங்கட்டும். எழுப்புறதைப் பிறகு பாத்துக்கலாம்."

பாறை தன் மேனியைச் சுரண்டி ஒவ்வொரு விதைக்கும் பூசிவிட்டது.

அடுத்த சித்திரை மழைக்கு ஒரு விதையும் அசையவில்லை. கொழிஞ்சிக்கு நிம்மதி. ஐப்பசியில் அடைமழை பிடித்தது. "எழுந்திருங்க கண்ணுகளா, இந்த மழையை நம்பலாம்" என்று கூப்பிட்டது. அப்போதும் அசைவில்லை. அதற்கு அடுத்த ஐப்பசியும் அப்படியே போனது. தாய்ச்செடிக்கு அடித்தண்டு இற்றுக்கொண்டே வந்தது.

அந்த அடிவாரத்தில் ஒச்சம்மாளுக்கு ஒரு மானாவாரிக் காடு. என்ன விதைத்தாலும் விளங்காத சக்கை மண். கொழிஞ்சி நின்ற இடத்து மண் மட்டும் கறுத்துப் பொலபொலவென்று இருப்பதைப் பார்த்து, செடியைப் பிடுங்கித் தன் காட்டில் நட வந்தாள்.

"பிடுங்காதே தாயி" என்றது கொழிஞ்சி. "என் வேர் ஓர் ஆள் ஆழத்துக்குக் கிடக்கு. எடுத்தா இங்கேயும் இருக்கமாட்டேன், அங்கேயும் இருக்கமாட்டேன். என் பிள்ளைகளைக் கொண்டுபோ. ஆனா அதுக எழுந்திரிக்கல."

ஒச்சம்மாள் விதைகளைப் பொறுக்கிக்கொண்டாள். அவள் புருஷன் மொக்கைச்சாமி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினான். "இதை விதைக்கிறதுக்கு என் பல்லை விதைக்கலாம். அதாவது முளைச்சாலும் முளைக்கும்."

"வரகுக்கு எத்தனை தோலு? அதையே அரிசி நொறுங்காமக் குத்துறவ நான். சும்மா இருங்க" என்று சொல்லி விதைகளை உரலில் போட்டு உலக்கையை ஓங்கினாள்.

"ஐயோ, செத்துப்போகும்!" என்றது கரட்டிலிருந்து கொழிஞ்சி.

முதல் குத்திலேயே நாலு விதை மாவாகிப்போனது. ஒச்சம்மாள் உலக்கையைக் கீழே வைத்தாள். உரலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து எழுந்துபோய் ஓடையிலிருந்து பரு மணல் அள்ளிவந்து, விதைக்குச் சரிபாதி கலந்தாள். இந்தத் தடவை ஓங்கவில்லை. உலக்கை தன் கனத்திலேயே விழட்டும் என்று விட்டாள். மணல்தான் உரசியது.

தோல் பளபளப்பு மங்கியதும் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்தாள். விடிந்து பார்த்தால், உப்பிக் கிடந்தன. ஐப்பசி ஈரத்தில் காட்டிலேயே நேராக விதைத்தாள். ஆறாம் நாள் முளை தெரிந்தது.

ஓடிப்போய்ச் சொன்னாள். கொழிஞ்சி கடைசி இலையும் உதிர்ந்து நின்றது.

"வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும். எழுந்திருச்சிருச்சுக."

"அப்ப அதுக பூவெடுக்கையிலே மடக்கி உழுதுக்கோ. எழுப்பிவிட்டவளுக்கு அதுக உடம்பு உரமாகட்டும். வரப்போரத்துல மட்டும் ஒண்ணு ரெண்டை விட்டுவை, தாயி."

அன்றைக்கு ஏற்பட்ட பழக்கம்தான், கொழிஞ்சி விதையை மணலோடு சேர்த்து மெல்லக் குத்தி விதைப்பதும், பூத்ததும் மடக்கி உழுவதும், வரப்பில் நிற்பதைத் தொடாமல் விடுவதும். எவ்வளவு பக்குவமாகக் குத்தினாலும் சில விதைகள் எழுவதில்லை. வருஷக்கணக்காக மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. அவை இன்னும் மழையை நம்பவில்லை.