சடச்சிக்கு மூன்று பட்டம்

முன்னொரு காலத்தில், மழைக்குக்கூட ராஜாதான் நாள் குறித்துக் கொடுக்கிறார் என்று அரண்மனைக்காரர்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், மணிமேடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு சுழியாறு ஓடியது. மழைக்காலம் வந்தால் பரிசல் கவிழும், ஆட்கள் ஆற்றோடு போவார்கள். ராஜா தங்கத்தட்டில் சாப்பிட்டுவிட்டு வெள்ளிக் கிண்ணத்தில் கை கழுவுவார். ஆற்றுக்கு ஒரு பாலம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது சடச்சிக்கு.

சடச்சியைப் பெற்றவள் அந்த ஆற்றில்தான் போனாள். அழுது முடித்த பிறகு சடச்சி கல் வேலை கற்றாள், ஆள் சேர்த்தாள், இரண்டு கரையிலிருந்தும் வளைவை எழுப்பிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரே ஓர் உச்சிக்கல்தான் பாக்கி. அதுவரை அடியில் கட்டிய மரச்சாரம்தான் பாலத்தைத் தாங்கியது. மழைக்கு முன்னால் உச்சிக்கல் ஏறாவிட்டால் வெள்ளம் சாரத்தைக் கொண்டுபோகும், சாரத்தோடு பாலமும் போகும். அந்த வளைவின் கணக்கு சடச்சியின் கைக்குத்தான் தெரியும்.

பாலத்தை வேடிக்கை பார்க்க வந்த இளவரசன் விசயகீர்த்தி, ஒரு நாள் அவளுக்கு அளவுகயிறு பிடித்தான். மறுநாளும் பிடித்தான். பிறகு அவளையே பெண் கேட்டான்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் நான் பாலத்துக்குப் போவேன். சம்மதமா?" என்றாள் சடச்சி.

"இதென்ன கேள்வி, நானும்தான் வருவேன்" என்றான் அவன். பொய் சொல்லவில்லை, பாவம். தன் வீட்டு வழக்கம் என்னவென்று அதுவரை அவன் யோசித்ததே இல்லை.

அந்த வழக்கத்தைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அரண்மனைப் பெண்ணைக் கட்டி வரும் மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு பட்டமும் கிடையாது, அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்தால் போதும். மருமகளாக வருகிறவளுக்கோ வாசலிலேயே பட்டம். சூலகண்டன் என்ற மந்திரவாதி செம்பிலிருந்து நீரைத் தெளித்துப் பட்டத்தைச் சொல்லுவான். ஒரு பட்டம் கொடுத்தால் ஒன்றைப் பறித்துக்கொள்வான். கொடுப்பது ஊரறியக் கொடுப்பார்கள், பறிப்பது யாருக்கும் தெரியாது.

கல்யாணம் முடிந்து சடச்சி அரண்மனை வாசலில் வந்து நின்றாள். முதல் தெளிப்பில், "வெண்கோட்டைச் சீமாட்டி" என்றான் சூலகண்டன். சடச்சியின் நாக்கு போயிற்று. எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும், "மிக்க மகிழ்ச்சி" என்றுதான் வந்தது. அரண்மனை மருமகளுக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் இருக்கலாமா?

இரண்டாம் தெளிப்பில், "மணிமேட்டு இளவரசி" என்றான். சடச்சியின் கை போயிற்று. அளவுகயிற்றைத் தொட்டாள், மல்லிகைச் சரமாயிற்று. உளியைத் தொட்டாள், தாழம்பூவாயிற்று. அரண்மனை மருமகள் வேலை செய்யலாமா?

அந்த வீட்டுக்கு வாழ வந்தவர்களுக்கெல்லாம் இந்த இரண்டு பட்டம்தான் வழக்கம். ராஜாவுக்கு அது போதவில்லை. சடச்சி, சடச்சி என்று ஒரு கொத்துவேலைக்காரியின் பெயரைச் சபையில் கூப்பிட அவருக்கு நாக்கு கூசியது. "இவளுக்கு எதற்குத் தனியாக ஒரு பெயர்? என் மகன் பெயரையே இவளுக்கும் வை" என்றார். சூலகண்டன் தலையைச் சொறிந்தான். புதிய வழக்கமாக இருக்கிறதே என்று முணுமுணுத்தான். ராஜா முறைத்ததும் மூன்றாம் முறை தெளித்து, "இளவரசி விசயகீர்த்தி" என்று சொல்லிவிட்டான். சடச்சியின் பெயரும் போயிற்று.

அன்று சாயங்காலம் அவள் பூக்குவியல் நடுவே உட்கார்ந்திருந்தாள். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. மகாராணி, அதாவது அவள் மாமியார், மெல்ல உள்ளே வந்து பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு சடச்சியின் கையைப் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே பழைய கடிவாளம் ஒன்று. மகாராணி அதைத் தொட்டாள், செவ்வந்தி மாலையாயிற்று. ஒரு காலத்தில் முரட்டுக் குதிரைகளைப் பழக்கிய கை அது. "மிக்க மகிழ்ச்சி" என்று சொல்லிவிட்டு அழுதாள் அந்த அம்மாள். "மிக்க மகிழ்ச்சி" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள் சடச்சி.

மறுநாள் சபையில்தான் வேடிக்கை. அண்டை நாட்டுத் தூதன் எல்லையில் பாதி நிலம் கேட்டு வந்திருந்தான். என்ன பதில் சொல்லலாம் என்று ராஜா மகனைக் கேட்டார்.

"மிக்க மகிழ்ச்சி" என்றான் இளவரசன்.

சபை திகைத்தது. இளவரசன் பதறி வாளை உருவினான், தாமரைத் தண்டாயிற்று. முத்திரை மோதிரத்தைத் தொட்டான், மகிழம்பூவாயிற்று. பெயரைப் பிடித்துக்கொண்டுதானே மந்திரம் நிற்கிறது! அவன் பெயரை அவளுக்கு வைத்தார்கள், அவள் கட்டு அவனையும் கட்டிவிட்டது. பேசாதே, வேலை செய்யாதே என்று மருமகளுக்குப் போட்ட விலங்கு மகன் காலில் விழுந்ததும் ராஜாவுக்கு அது அநியாயமாகத் தெரிந்தது. நேற்று தெரியவில்லை பாருங்கள்.

மந்திரவாதியைப் பிடித்து உலுக்கினார்கள். போட்ட பட்டத்தைக் கழற்றலாம், ஆனால் அதைச் சுமப்பவள் வாய் திறந்து சம்மதிக்க வேண்டும் என்றான் அவன். ராஜாவுக்கு உயிர் வந்தது. எதைக் கேட்டாலும் மிக்க மகிழ்ச்சி என்று சொல்லத்தானே அவளைப் பழக்கியிருக்கிறது?

"மருமகளே, மூன்றாவது பட்டத்தை மட்டும் கழற்றிவிடுகிறேன். என் மகன் பிழைத்துக்கொள்வான். மற்ற இரண்டும் உனக்கே இருக்கட்டும். சம்மதமா?"

சடச்சி வாயை இறுக மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தால்தானே மந்திரம்? திறக்காத வாயை எந்த மந்திரவாதி என்ன செய்ய முடியும்?

வெளியே இடி உருண்டது. தூதன் அவசரப்படுத்தினான். ராஜா பல்லைக் கடித்தார்.

"சரி, மூன்றையும் கழற்றுகிறேன். உன் பாலத்துக்குப் போ. சம்மதமா?"

ஒரு வார்த்தை சொன்னால் கை திரும்ப வரும், உச்சிக்கல் ஏறும், ஆற்றில் இனி யாரும் சாக வேண்டாம். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் பாலம் போகும். அவள் சிம்மாசனத்தைப் பார்த்தாள். மகாராணி மடியில் வாடிய செவ்வந்தி மாலையோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சடச்சி எழுந்துபோய் மாமியார் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

ராஜாவுக்குப் புரிந்தது. புரியாதவர்போல் கூரையைப் பார்த்தார். சாளரம் வழியே மழையின் முதல் துளி தெறித்தது. இளவரசன் அப்பாவின் காலடியில் விழுந்து, "மிக்க மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி" என்று கதறினான்.

"சரி, மாமியார் மருமகள் இரண்டு பேருக்கும்தான்! எல்லாப் பட்டத்தையும் கழற்றித் தொலைக்கிறேன். இந்த வீட்டில் இனி யாருக்கும் போடவும் மாட்டேன். சம்மதமா?"

சடச்சி நிமிர்ந்தாள். "மிக்க மகிழ்ச்சி" என்றாள்.

மகாராணியும் "மிக்க மகிழ்ச்சி" என்றதும் சூலகண்டன் செம்பைக் கவிழ்த்தான். அடுத்த நிமிஷம் சடச்சி சபையில் இல்லை. மழையில் ஆற்றங்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தாள், பின்னாலேயே இளவரசனும் ஓடினான். சாரம் ஆடத் தொடங்கியிருந்தது. "நான் என்ன செய்யட்டும்?" என்றான் அவன். "கயித்தப் பிடிங்க, பேச்சு அப்புறம்" என்றாள் அவள். கல் ஏறியது, அமர்ந்தது. சாரத்தை வெள்ளம் கொண்டுபோயிற்று. பாலம் அப்படியே நின்றது.

மழை விட்டதும் ராஜா பல்லக்கில் வந்து இறங்கினார், பாலத்தைத் தானே திறந்துவைப்பதாக. அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கறுப்புக் குதிரை பாய்ந்து வந்தது. லாயத்தில் யாரும் கிட்டே போக அஞ்சும் குதிரை. அதன் மேல் தலை விரிய, சிரித்துக்கொண்டே மகாராணி. ராஜாவைத் தாண்டிப் பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போய்விட்டாள்.

"மகாராணி!" என்று கூப்பிட்டார் ராஜா. அவள் திரும்பவில்லை. "மகாராணி!" என்று மறுபடியும் கூப்பிட்டார். குதிரை கரையோரம் நடைபோட்டது, அவள் திரும்பவே இல்லை.

ராஜா வேறு ஏதோ சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. முகம் வெளிறிப்போய் மருமகள் பக்கம் திரும்பினார்.

"அவள் பெயர் என்னம்மா?" என்றார்.

"எனக்கெப்படித் தெரியும் மாமா? நீங்க பேர் சொல்லி அழைச்சு நான் கேட்டதே இல்லையே" என்றாள் சடச்சி. "பாலம் இருக்கு. நடந்துபோய் அவங்களையே கேளுங்க."

ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினார். அன்றுமுதல் மணிமேட்டில் மழைக்கு ஆறு நிறைந்தது, ஆற்றோடு ஆள் போகவில்லை. ராஜா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம்.