பனித்தூணாய் நின்ற விருந்தாளி

முன்னொரு காலத்திலே, மாலுமிகளின் வரைபடங்கள் முடிந்துபோகும் வடகடல் ஓரத்திலே, மரமும் முளையாத, நெல்லும் விளையாத ஒரு பனிச் சிற்றூர் இருந்தது. கேட்பவர் பெரியவராயினும் சிறியவராயினும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்பீராக. இது குளிர்ந்த கதை.

அவ்வூருக்குத் தென்திசையிலுள்ள உவர்ப்பட்டினத்திலிருந்து கயற்கொடி என்னும் பெண் கப்பலேறி, உறைந்த கடலின் விளிம்பில் இறங்கி நடந்து வந்தாள். உலகில் அவளுக்கென்று இருந்த உறவு அண்ணன் உலகப்பன் ஒருவனே. உப்பு வணிகனாகிய அவன் சென்ற ஆண்டு இதே கரைக்கு வந்தான்; திரும்பவில்லை. தேடி வந்தவளுக்கு அவனைக் கண்டுபிடிப்பதில் சிரமம் ஏற்படவில்லை. கரையிலேயே, பளிங்கு போன்ற பனித்தூணுக்குள், கையை நீட்டியபடி கண்மூடி நின்றான்.

“யார் செய்த கொடுமை இது?” என்று அலறினாள்.

வேட்டைத் தலைவி நாவரானா, தாகத்தால் வெடித்த உதடுகளைப் பிரித்துச் சொன்னாள்: “யாரும் செய்யவில்லை, தெற்கத்திக்காரி. அவனே தேடிக்கொண்டான். கடல்நாயை வேட்டையாடினால், பனியை உருக்கி அதன் வாயில் நல்ல தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். பிறந்தது முதல் உப்பிலேயே கிடந்த உயிரல்லவா? தாகம் தீர்ந்த உயிர், கடலரசியிடம் எங்களைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லும். அப்படித் தண்ணீர் ஊற்றும் மரியாதையை விருந்தாளியான இவனுக்குக் கொடுத்தோம். அவனோ, ‘உப்பில்லாமல் கொடுத்தால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள்’ என்று கூறி, தன் மூட்டையிலிருந்த உயர்ந்த உப்பைக் கைநிறைய அள்ளிக் கலந்துவிட்டான்!”

“பாவி அண்ணா! நீ வைத்த ரசத்தை நானே வாயில் வைக்கமாட்டேனே. அந்தக் கடல்நாய் என்ன பாவம் செய்தது?” என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள் தங்கை.

கடலரசி சினந்தாள். உலகப்பன் பனியானான். கடல் உறைந்து மூடிக்கொண்டது. அன்று முதல் அவ்வூரில் எந்தப் பனியை உருக்கினாலும் உப்புநீரே ஆயிற்று. கரையோரத்தில் ஒரு துவாரம் மட்டும் உறையாதிருந்தது. அதன் வழியே, அவன் உப்புநீர் ஊற்றிய அதே கிழட்டுக் கடல்நாய் ஆவியாய்த் தலையை நீட்டும்; “தாகம், தாகம், என் தாகம் தீரவில்லை!” என்று கதறும், மூழ்கிவிடும்.

அதன் தாகம் தீர்க்கவென்று கயற்கொடி வாசற்பனியை அள்ளி உருக்கினாள். உப்பு. மலையேறிப் பழம்பனியை வெட்டி உருக்கினாள். உப்பு. வானிலிருந்து விழுந்த பனியை முந்தானையில் ஏந்தி உருக்கினாள். அதுவும் உப்பு. மும்முறையும் கடல்நாய் முகர்ந்து பார்த்து, “தாகம், தாகம், என் தாகம் தீரவில்லை!” என்று கதறி மூழ்கியது.

ஊரார் உறைந்த பழைய மீனைச் சப்பி உயிர் வைத்திருந்தனர். நாவரானாவின் கைக்குழந்தை அழக்கூட ஈரமின்றி வாயை மட்டும் திறந்து மூடியது.

கயற்கொடியோ தூணை விட்டு அகலவில்லை. எலும்பும் தோலுமான வெண்ணரிகள் மலையிலிருந்து இறங்கி வந்து அண்ணனின் காலடியை நக்கின. கல்லெறிந்து துரத்தினாள், மீண்டும் வந்தன. ‘இத்தனை பனி கிடக்க இதை மட்டும் ஏன் நக்குகின்றன?’ என்று எண்ணியவள், குனிந்து தானும் நாவை வைத்தாள். நல்ல தண்ணீர்!

“அக்கா, தூண் உப்பில்லை!” என்று ஓடினாள்.

“தெரியும்” என்றாள் நாவரானா.

“தெரிந்துமா பிள்ளையை இப்படிப் போட்டு வைத்திருக்கிறாய்?”

“விருந்தாளியை உருக்கிக் குடிக்கிற கூட்டமென்றா எங்களை நினைத்தாய்?”

 கயற்கொடி தூணருகே திரும்பி வந்தாள். “அண்ணா, நீ விழித்திருந்தால் என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் கொடுமை” என்றாள்.

பிறகு ஊரில் எஞ்சியிருந்த கொழுப்பு விளக்கை ஏந்தி வந்தாள். நாவரானா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். “வேண்டாமடி!”

“விடு அக்கா. என் அண்ணன், என் கை.”

பாதம் உருகியது. நீட்டிய கை உருகியது. பனிக்குள்ளே உடலாவது இருக்கும் என்று நம்பியிருந்தாள். இல்லை. முகமும் நீராய் ஒழுகிப் பானைக்குள் விழுந்தது.

முதல் மிடறு குழந்தைக்கு. அது கண்ணீர் விட்டு அழுதது. ஊரார் தலைகுனிந்து ஆளுக்கொரு வாய் குடித்தனர். மிச்சத்தைத் துவாரத்தருகே கொண்டுபோனாள் கயற்கொடி. “இவ்வளவுதான் என் அண்ணன். சிந்தாமல் குடி” என்றாள்.

கடல்நாய் குடித்தது. ஒன்றும் பேசாமல் மூழ்கியது.

எதுவும் நிகழவில்லை. கதிரவன் அடிவானத்தை ஒட்டியே உருண்டுகொண்டிருந்தான். அவள் வெறும் பானையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். 

திடீரென்று இடி இடித்ததுபோல் கடல் பிளந்தது! பனிப்பாளங்கள் விலகின. கடல்நாய்கள் கூட்டங்கூட்டமாய் எழுந்து, எதையோ முதுகால் தள்ளிக்கொண்டு வந்து கரையில் சேர்த்தன. உலகப்பன்! இருமினான், கண்விழித்தான், தங்கையைப் பார்த்துத் திகைத்தான்.

“கயலு! இவ்வளவு தூரம் தனியாகவா வந்தாய்? வீட்டைப் பூட்டினாயா?”

அவள் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். அடித்த கையை எடுக்காமல் அப்படியே பற்றிக்கொண்டு கதறினாள்.

உருக்கிய பனி மீண்டும் நல்ல தண்ணீராயிற்று; அண்ணனும் தங்கையும் கப்பலேறினர், பனியூரார் வயிறு நிறைந்து வாழ்ந்தனர். கேட்ட நீங்களும் உங்கள் மனிதர் ஒருவரையும் இழவாமல் வாழ்வீராக.