லாரியில் வந்த ஸ்போர்ட்ஸ் கார்

மேட்டுப்பாளையத்துக்கு மேலே, மலைப்பாதையின் ஏழாவது கொண்டை ஊசி வளைவில், ஓர் ஓட்டு வீட்டில் சௌடேஸ்வரி இருந்தார். வயது நாற்பதைத் தாண்டாது. கீழே டிரைவிங் ஸ்கூலில் பதினைந்து வருஷம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். "பிரேக்கை மிதிங்க, மிதிங்க" என்று தொண்டை கட்டக் கத்தினவருக்கு ஒருநாள் பேச்சே பிடிக்காமல் போய்விட்டது. மேலே வந்து நாலு பாத்தி கேரட் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பேசாமல் இருக்கிறவரைத் தேடிப் பேசுவதற்கென்றே ஆட்கள் வருவார்கள் அல்லவா? வந்தார்கள். வந்தவர்களுக்குக் கடுங்காப்பி கிடைத்தது. எல்லோருக்கும் அவர் அம்மிணி.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கோயமுத்தூர் சென்னியப்பன், பம்ப் செட் கம்பெனி முதலாளி. வயது அறுபத்திரண்டு. குருவைவிடச் சீடர் இருபது வயது மூத்தவராக இருந்தால் யார் யாரை எப்படிக் கூப்பிடுவது? ஆரம்பத்தில் இரண்டு பேருக்குமே குழப்பம். இவர் அம்மிணி என்றார், அவர் அண்ணா என்றார், பிரச்சினை தீர்ந்தது.

ஒரு புதன்கிழமை சென்னியப்பன் பஸ்ஸில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார்.

"அம்மிணி, ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கலர். ரெண்டு ஸ்போர்ட்ஸ் காருங்க. ஒண்ணு புதுசு. ஒண்ணு ஓட்டின பழசு. எதுக்கு மதிப்பு ஜாஸ்தி?"

அம்மிணி கேரட்டில் மண்ணை உதறிக்கொண்டிருந்தார்.

"உங்க கார் எங்கீங்கண்ணா?"

"ஊட்ல நிக்குதுங்க."

"நீங்க பஸ்ல வந்திருக்கீங்க."

"மலைப்பாதைங்களே. கல்லு கில்லு தெறிச்சுட்டா?"

அம்மிணி அடுத்த கேரட்டை எடுத்தார்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் சென்னியப்பனும் மயிலாத்தாளும் ஊட்டிக்குப் போயிருந்தார்கள். அங்கே கூரையில்லாத சிவப்பு கார் ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. உள்ளே இருந்த பெண்ணின் தலைமுடி காற்றில் பறந்துகொண்டே போனது. "நாமளும் ஒருக்கா இப்படிப் போலாமுங்களா?" என்று மயிலாத்தாள் கேட்டாள். கேட்டதை அவளே மறந்திருப்பாள், இந்த மனுஷன் மறக்கவில்லை. அறுபதாம் கல்யாணத்தன்று அதே மாதிரி, கூரை திறக்கிற, இரண்டே பேர் உட்காருகிற சிவப்பு காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மயிலாத்தாள் அழுதேவிட்டாள்.

அவ்வளவுதான். மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார்கள். அப்படியே பின்னால் எடுத்து ஷெட்டில் விட்டார்கள். இரண்டு வருஷத்தில் அந்த வண்டி பண்ணின பிரயாணம் அந்த எலுமிச்சம்பழம் வரைக்கும்தான். சீட்டில் கம்பெனி ஒட்டின பிளாஸ்டிக் உறை உரியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் இன்ஜினைப் போட்டு அணைப்பார், துடைப்பார், துணியால் மூடுவார். மழை போகட்டும் என்றார், ரோடு போட்டு முடிக்கட்டும் என்றார், மயிலாத்தாளும் கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டாள்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் அள்ளிக் கொடுக்கிற கைதான் அது. ஆனால் அவர் வீட்டில் ஐந்தாவது பையன். நாலு அண்ணன்மார் போட்டுக் கழித்த சட்டை, செருப்பு, சிலேட்டு. வாத்தியார் பெயர் கூப்பிடும்போதுகூட ஒவ்வொரு அண்ணன் பெயராகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இவர் பெயருக்கு வருவார். தன் கைக்குப் புதிதாக வந்த எதையும் பழசாக்க அவருக்கு மனசே வராது. பழசு என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது.

"திங்கக்கிழமை ஈரோட்டுக்காரர் ஒருத்தர் வர்றாருங்க அம்மிணி. வண்டியக் கேக்கறாரு. ஓடாத வண்டின்னா புதுசு வெலையாம். கொஞ்சம் ஓடியிருந்தாலும் பழசு வெலையாம்."

"விக்கப் போறீங்களா?"

"வெச்சுட்டுத் தூங்க முடியலீங்க. எலி ஒயரைக் கடிச்சிருமோன்னு ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறேன்."

"மயிலக்கா என்ன சொல்றாங்க?"

சென்னியப்பன் காப்பி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விக்கறதுக்கு முந்தி ஒருக்கா மலைக்குக் கூட்டிட்டுப் போங்கங்கறா. ஒரே ஒருக்கா."

"கூட்டிட்டுப் போறதுதானே?"

"போனா பழசாயிருமுங்களே!"

 சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் குரல் இறங்கிச் சொன்னார்.

"அவளுக்குக் கண்ணு போயிட்டிருக்குதுங்க. ஓரத்துல இருந்து இருட்டுக் கட்டிட்டே வருது. பாக்கறதெல்லாம் ரெண்டு இஞ்சு பைப்புக்குள்ள பாக்கற மாதிரி இருக்குதாம். அடுத்த ஆடி வரைக்கும் பரவாயில்ல, அதுக்கு மேல சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டர்."

"சனிக்கிழமை காரக் கொண்டாங்கண்ணா. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

"எனக்கு இன்னும் பதில் சொல்லலீங்களே?"

"கார் வரட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் மலையில் அப்படியொரு மேகம். மரம் எது, மனுஷன் எது என்று தெரியவில்லை. ஏழாவது வளைவுக்குக் கீழே ஹாரன் சத்தம் மட்டும் முதலில் வந்தது. அம்மிணி ரோட்டுக்கு வந்து நின்றார்.

மேகத்துக்குள்ளிருந்து ஒரு லாரி வந்தது. அதன் முதுகில், கயிற்றால் கட்டி, துணியால் மூடி, ஸ்போர்ட்ஸ் கார் நின்றுகொண்டிருந்தது!

லாரிக்காரருக்குப் பக்கத்திலிருந்து சென்னியப்பன் இறங்கினார். மயிலாத்தாளைக் கைபிடித்து இறக்கினார்.

"கொண்டாந்துட்டேனுங்க அம்மிணி. மீட்டர் அசையல."

லாரிக்காரர் இறங்கிச் சோம்பல் முறித்தார். "நானும் இருவது வருஷமா வண்டி ஏத்தறேனுங்க. கெட்டுப்போன வண்டிதான் ஏத்தியிருக்கறேன். கெட்டுப்போயிருமோன்னு ஒரு வண்டிய ஏத்தினது இன்னைக்குத்தான்" என்றார்.

அம்மிணி சிரிக்காமல் ஆளுக்கொரு டம்ளர் கடுங்காப்பி நீட்டினார். "எறக்குங்க" என்றார்.

பலகை போட்டு, அங்குலம் அங்குலமாக, சென்னியப்பன் "மெதுவா, மெதுவா" என்று கத்தக் கத்த வண்டி இறங்கியது. துணியை எடுத்ததும் அந்த வெள்ளை மேகத்துக்குள் சிவப்பு பளிச்சென்று எழுந்தது. மயிலாத்தாள் தலையை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பி, துண்டு துண்டாக, முழுக் காரையும் பார்த்து முடித்தாள்.

"ஏறுங்கக்கா" என்றார் அம்மிணி.

மயிலாத்தாள் புருஷனைப் பார்த்தாள். அவர் மறுப்பதற்குள் ஏறி உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை மொறமொறவென்று சத்தம் போட்டது.

"சாவியக் குடுங்கண்ணா."

"கூரையத் தொறந்து காட்டறதுக்குங்களா?"

"ஆமாங்க."

கொடுத்தார். அம்மிணி ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து கூரையைத் திறந்தார். மேகம் உள்ளே இறங்கி மயிலாத்தாள் மடியில் உட்கார்ந்துகொண்டது. பிறகு இன்ஜின் உறுமியது. சென்னியப்பன் "அம்மிணி!" என்றார். பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு இரண்டும் ரோஜா நிறமாகி, அப்புறம் பால் நிறமாகி, அப்புறம் இல்லாமலே போய்விட்டன.

"அட போங்க" என்றார் லாரிக்காரர். "பதினஞ்சு வருஷம் சொல்லிக்குடுத்த கைன்னு வழியெல்லாம் நீங்கதானே சொன்னீங்க. பயப்படாதீங்க." அவர் லாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

முதலில் சென்னியப்பனுக்குக் கோபம்தான் வந்தது. வளைவுக்கு வளைவு மீட்டர் ஓடுமே, கிளை உரசுமே, திங்கட்கிழமை ஈரோட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இன்ஜின் சத்தம் மேலே கேட்டது. எட்டாவது வளைவு. ஒன்பதாவது. பிறகு மேலே போனவர்கள் கீழே போகிற மாதிரி கேட்டது. பிறகு இடது பக்கம், பள்ளத்துக்கு மேலே, ரோடே இல்லாத இடத்தில் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

மேகம் இன்னும் நெருங்கி வந்தது. லாரி காணாமல் போனது. வீடு காணாமல் போனது. நீட்டின கையும் அதற்குக் கீழே ஒரு தட்டு அகலத் தரையும் மட்டும் அவருக்கு மிச்சம். வண்டி இறக்கும்போது ரோட்டோரச் சுவரடியில் வைத்த காப்பி டம்ளரை எடுக்கலாமென்று திரும்பினார். டம்ளர் இல்லை. தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், கையால் தடவினார். தடவின கை பட்டு டம்ளர் உருண்டது. எங்கே உருண்டது என்றுகூடத் தெரியவில்லை.

சென்னியப்பன் அப்படியே குனிந்த நிலையில் நின்றுவிட்டார்.

போன வாரம் மயிலாத்தாள் சாப்பாட்டு மேஜையில் இப்படித்தான் தலையைத் திருப்பித் திருப்பி ரசக் கிண்ணத்தைத் தேடினாள். தட்டிவிட்டாள். "பாத்து எடுக்கறதில்லையா?" என்று அவர் ஒரு அதட்டுப் போட்டார். அவள் துணி கொண்டுவந்து துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"மயிலா" என்று கூப்பிட்டார். மேகம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. "மயிலா!" என்று பெரிதாகக் கத்தினார். அழுகை வந்துவிட்டது அவருக்கு. பார்க்கத்தான் யாருமில்லையே, கொஞ்ச நேரம் அழுதார்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முப்பத்தாறு வருஷமாகக் கேட்கிற சிரிப்புதான், ஆனால் இப்படிக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. இன்ஜின் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கார் வந்து நின்றது. கதவு வரைக்கும் சேறு. பக்கவாட்டில் உண்ணிச்செடி கீறின நீளக் கோடு ஒன்று. மயிலாத்தாளின் கொண்டை அவிழ்ந்து, நரைத்த முடியெல்லாம் நனைந்து, முகத்தில் ஒட்டியிருந்தது. உரித்தெடுத்த பிளாஸ்டிக் உறையை உருட்டி மடியில் வைத்திருந்தாள்.

"மாமா, மேகத்துக்கு மேல போயிட்டமுங்க! மேல வெயிலு. மேகமெல்லாம் நம்ம காலுக்குக் கீழ கெடக்குது. அதுல ஒரு காட்டெருமை, கழுத்துக்கு மேல மட்டும் தெரியுது மாமா, மிச்சமெல்லாம் மேகத்துக்குள்ள. நானே பாத்தேன். அம்மிணி காட்டல, நானேதான் பாத்தேன்."

"எந்த வளைவுல?" என்று கேட்டார் சென்னியப்பன். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"பதினொண்ணைத் தாண்டி, அக்கட்டால. நின்னுட்டே இருக்குது. போகவே இல்ல."

லாரிக்காரர் எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். கீறலைத் தடவினார். "திரும்ப ஏத்திரலாமுங்களா, மொதலாளி?" என்றார்.

சென்னியப்பன் காரை நெருங்கினார். கீறலைப் பார்த்தார், உள்ளே எட்டி மீட்டரைப் பார்த்தார், எண்கள் மாறியிருந்தன. மயிலாத்தாள் பக்கம் பார்க்கத் தைரியமில்லாமல் அம்மிணியைப் பார்த்தார்.

அம்மிணி இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டார். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். சாவி சூடாக இருந்தது.

"அம்மிணி" என்றார் சென்னியப்பன். "வண்டி பழசாயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லைங்கண்ணா" என்றார் அம்மிணி. "நீங்க ஏறவே இல்லையே."