மினுக்கனின் தேன் பரம்பரை

காட்டு ஓடையின் மேல் சாய்ந்து நின்ற புங்க மரத்தில் ஒரு தேன்சிட்டுக் குடும்பம் இருந்தது. ஆண் சிட்டு மினுக்கன். வெயில் பட்டால் ஊதாவும் பச்சையுமாக மின்னுவான். அவன் மனைவி தவிட்டி. பெயருக்கேற்ற தவிட்டு நிறம்.

கூட்டை அவள் ஒருத்தியே கட்டினாள். நாரும் சருகும் கொண்டுவந்து, சிலந்தி நூலால் வரிந்து கட்டி, மேலே புழுவின் எச்சத்தைக் கூட ஒட்டிவைத்தாள். பாம்பு பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை என்று போய்விட வேண்டும் அல்லவா! மினுக்கன் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து பாடினான். "கூடு கட்டி முடிச்சாச்சு!" என்று காடு முழுக்கச் சொன்னவனும் அவன்தான்.

அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

"நாங்க தேன் குடிக்கிற பரம்பரை! புழு பூச்சியெல்லாம் எங்க வாசல் பக்கமே வராது!"

காலையில் பூவுக்குள் அலகை விடும்போது குட்டிச் சிலந்தி சிக்கினால், அவனும் ஒரே விழுங்காக விழுங்குவான். பூவுக்குள் இருந்ததால் அதுவும் தேனில் சேர்ந்ததுதான் என்பது அவன் நியாயம்.

கூட்டில் இரண்டு குஞ்சுகள் பொரித்தன. மினுக்கன் பாடப் போன நேரமெல்லாம் தவிட்டி சிலந்தி பிடித்து ஊட்டினாள். ஒருநாள் அவன் பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

"என்னடி அது வாயில?"

"சிலந்திங்க."

"சிலந்தியா! என் பிள்ளைகளுக்கா!"

"பின்னே? தேன் குடிச்சா தாகம் தீரும், இறகு முளைக்குமா? எங்கம்மா எனக்கு இதைத்தான் ஊட்டினாள். உங்கம்மாவும் உங்களுக்கு இதைத்தான் ஊட்டியிருப்பாள்."

"எங்கம்மாவை இதில் இழுக்காதே! கீழ்க்கிளையில் அந்தக் கொண்டைக்குருவி சின்னான் இருக்கான். அவன் கண்ணில் பட்டால் காடு முழுக்கத் தமுக்கு அடிச்சிடுவான். இனிமேல் இரை நான் கொண்டுவரேன். நீ உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சூடு கொடு, போதும்!"

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. விடவேயில்லை. இறகில்லாத குஞ்சுகளை விட்டு எழ முடியாமல் தவிட்டி கூட்டோடு கிடந்தாள். மினுக்கன் பூப்பூவாக அலைந்து, மழையில் நீர்த்துப்போன தேனை உறிஞ்சி வந்து ஊட்டினான். முதலில் குஞ்சுகள் கத்திக் கத்திக் கேட்டன. பிறகு மெல்லக் கேட்டன. பிறகு கேட்கவேயில்லை.

"பார்த்தாயா! வயிறு நிறைஞ்சு எவ்வளவு அமைதியாத் தூங்குதுங்க!" என்றான் மினுக்கன்.

"தூங்கலைங்க. கத்தத் தெம்பில்லை." தவிட்டி அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "நான் எழுந்து போனால் குளிரில் போயிடும். நீங்க சிலந்தி பிடிக்கப் போகலேன்னா பசியில் போயிடும். எதில் போகலாம்னு அப்பாவா லட்சணமா நீங்களே சொல்லுங்க."

மினுக்கன் சின்னக் குஞ்சின் தலையை அலகால் தொட்டான். அது தலையைத் தூக்கவில்லை. "இதோ வரேன்!" என்று மழையில் பறந்தான்.

மரத்தடிப் பொந்தின் வாயோரம் பெரிய சிலந்தி வலைகள் இரண்டு மூன்று இருந்தன. மழைக்கு அஞ்சிய பறவைகளெல்லாம் அங்கேதான் ஒடுங்கியிருந்தன. சின்னான் இருந்தான். ஒரு மைனா இருந்தது. ஒரு தையல்சிட்டும் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்துக்காக மினுக்கன் காத்திருந்தான். மழையில் அவர்களுக்கும் வேறென்ன வேலை? அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து ஒரு சிலந்தியைக் கவ்வினான். அதன் கால்கள் அலகின் இரண்டு பக்கமும் துடித்தன.

"யாரு, தேன் பரம்பரையா? வாயில என்னங்க?" என்றான் சின்னான்.

"அடடே! தேனுக்குக் கால் முளைச்சிருக்கு!" என்றது மைனா.

"அண்ணே, மீசை எடுப்பா இருக்கு!" என்றது தையல்சிட்டு.

மினுக்கனிடம் பொய் தயாராக இருந்தது. 'கூட்டுக்கு நூல் எடுக்க வந்தேன்' என்றால் போதும். ஆனால் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே! திறந்தால் மானம் பிழைக்கும், சிலந்தி ஓடிவிடும். அலகைக் கொஞ்சம் அசைத்தான். சிலந்தி உதைத்தது. இறுக மூடிக்கொண்டான். பதில் சொல்லாமல் அவன் ஓரிடத்தை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. பின்னால் சிரிப்பு மழையை மீறிக் கேட்டது.

கூட்டில் பெரிய குஞ்சு பாதிச் சிலந்தியை விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது. சின்னது திறக்கவில்லை. தவிட்டி அதன் அலகைத் தன் அலகால் பிளந்து மீதியை வைத்தாள். உள்ளே போகவில்லை. அதன் உடம்பு சில்லிட்டிருந்தது. பிறகு அந்த மீதியையும் எடுத்துப் பெரியதற்கே ஊட்டினாள்.

"சும்மா நிற்காதீங்க," என்றாள். "இது இன்னும் கேட்குது."

மினுக்கன் திரும்பவும் மரத்தடிக்கு வந்தான்.

"கோவிச்சுக்கிட்டீங்களா மச்சான்?" என்றான் சின்னான், நடந்தது தெரியாமல். "சும்மா ஒரு விளையாட்டுக்குச் சொன்னோம். நீங்க பூவுக்குப் பூ சிலந்தி பொறுக்கிறதை இந்தக் காட்டில் பார்க்காதவன் யாரு?"

மினுக்கனின் இறகிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாமல் என்ன! வெளிச்சத்தில்தானே சாப்பிடறீங்க!"

"ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலையே!"

"நீங்க அவ்வளவு ஆசையாச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

மினுக்கன் அடுத்த சிலந்தியைக் கவ்விக்கொண்டு, எல்லாருக்கும் நடுவே பறந்து போனான்.

ஊர் ஒருநாளும் நம்பாத பெருமையைக் காப்பாற்றக் கிளம்புகிறவன், அதற்கு விலையாகத் தன் வீட்டுப் பிள்ளையைத்தான் கொடுக்கிறான்.