வலப்பக்கத்துப் பூ

சந்தேகம் வருவதற்கு ஒரு வயது உண்டு. பெரும்பாலும் மீசை அரும்பும்போது வரும். வேலை, கல்யாணம், பிள்ளைகுட்டி என்று ஆனதும் தானே போய்விடும். பூசாரி மயிலப்பனுக்கு அது அறுபதை நெருங்கும்போது வந்தது. அதுவும் சாதாரணச் சந்தேகம் இல்லை. பாறைக்காட்டு அம்மனுக்குக் காலையும் மாலையும் விளக்குப் போடுகிறவர், அந்த அம்மன் இருக்கிறாளா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

வெளியே சொல்ல முடியுமா? ஊரில் சொன்னால் பைத்தியம் என்பார்கள், வீட்டில் சொன்னால் சோறு கிடைக்காது. அதனால் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, வாய்க்கால் கரையில் இருந்த மோட்டார் கொட்டகைக்கு நடந்தார். நல்லம்மாள் அங்கேதான் இருந்தாள்.

நல்லம்மாளைச் சாமியார் என்று சொல்ல முடியாது. காவி கிடையாது, தாடிக்கும் வழியில்லை. மயிலப்பனின் மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இந்தக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். யார் எது கேட்டாலும் பதில் சொல்லுவாள், இல்லாவிட்டால் கேட்டவரையே குழப்பி அனுப்புவாள். இரண்டுக்கும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மயிலப்பன் சில வருஷங்களாக வருகிறார். அவர் அவளை அம்மிணி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். குரு யார், சிஷ்யர் யார் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிடும். ஆனாலும் கேள்வி கேட்பது எப்போதும் அவர்தான்.

அன்றைக்கு அவள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, அம்மன் இருக்கறாளா, இல்லியா?"

"பூசை பண்றவரு நீங்க. என்னயக் கேக்கறீங்க."

"தெரிஞ்சே ஆகோணும். இன்னிக்கே தெரியோணும்."

"அப்பிடி என்னங்கண்ணா அவசரம்?"

மயிலப்பன் சொன்னார்.

பாறைக்காட்டு அம்மன் கோயிலில் பூக்கேட்பது வழக்கம். ஒரு காரியத்தைத் தொடங்கும் முன் ஊரார் வந்து நிற்பார்கள். பூசாரி அம்மன் கல்லைக் கழுவி, ஈரம் காயும் முன் வலத்தோளில் ஒன்று, இடத்தோளில் ஒன்று என்று அரளிப்பூவை ஒட்டுவார். கேள்வியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். இடப்பக்கம் விழுந்தால் கொடுக்கவில்லை. கிணறு வெட்டுவதிலிருந்து பெண் கொடுப்பதுவரை அந்தப் பூ விழாமல் ஊரில் எதுவும் நடந்ததில்லை.

மயிலப்பனின் சிநேகிதர் ராக்கியண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. காலில் வந்த புண் ஆறாமல் பாதம் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராக்கியண்ணனோ, அம்மன் பூக் கொடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று பிடித்த பிடியில் நின்றார். இன்றைக்கு வெயில் ஏறும் முன் கோயிலுக்கு வருகிறார்.

"வந்தா பூ வெச்சுப் பாருங்க. அதுல என்ன?"

மயிலப்பன் வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்.

"அழுத்தி ஒட்டுனா நிக்கும். லேசா ஒட்டுனா விழும். அவ்வளவுதான் அம்மிணி."

நல்லம்மாள் உரிப்பதை நிறுத்தினாள்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான். எங்கப்பன் வெரலப் பாத்து நானாக் கத்துக்கிட்டது. நாங்க ரெண்டு பேரும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல."

"அப்ப எது நல்லதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குவீங்க."

"நான் பண்றதா நெனைக்கல. அவ உள்ள இருந்து வெரல நகத்தறான்னு நெனச்சேன்."

"தப்பாப் போனதே இல்லீங்களா?"

"பெரியதோட்டத்துக் கெணத்துக்குப் பூக் குடுத்தேன். தண்ணி வரல."

"என்ன சொன்னீங்க?"

"ஏதோ வேண்டுதல் பாக்கி இருக்கும்னேன்."

"தண்ணி வந்திருந்தா?"

"ஆத்தா குடுத்ததும்பேன்."

"நல்ல வக்கீலுங்கண்ணா நீங்க. உங்க கட்சிக்காரி தோக்கவே மாட்டா."

மயிலப்பனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"அதெல்லாம் கெணறு, மாடு, கல்யாணம். இது உசுரு. அவ இருந்தா நான் வெரல வெக்கக் கூடாது, அவளே சொல்லட்டும். அவ இல்லீன்னா நான் வெரல வெச்சே ஆகோணும். வெக்காம உட்டா ஒரு வெறுங்கல்லு எம்பட சிநேகிதனச் சாகடிச்சுரும். ரெண்டுல எதுன்னு தெரியாம எப்படி அம்மிணி பூவத் தொடுவேன்?"

நல்லம்மாள் மடியில் கிடந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"வாங்க. அவளையே கேட்டுரலாம்."

"என்னன்னு?"

"இருக்கறியான்னு."

அந்தக் கல்லிடம் மக்கள் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். தொலைந்த எருமையைக் கேட்டிருக்கிறார்கள், ஓடிப்போன மருமகனைக் கேட்டிருக்கிறார்கள். அவளைப் பற்றி அவளிடமே யாரும் கேட்டதில்லை. இத்தனை பேரில் ஒருவருக்கும் இது தோன்றாமல் போனது எப்படி என்று மயிலப்பன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட அந்த யோசனை ருசியாக இருந்தது.

கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாறை, மேலே தகரக் கூரை, நடுவில் இடுப்பளவுக் கல்லாக அம்மன். பக்கத்தில் ஒரு வேம்பு. மயிலப்பன் கல்லைக் கழுவி, இரண்டு அரளிப்பூவைப் பறித்து வந்தார்.

"கட்டவெரல் வேண்டாமுங்கண்ணா," என்றாள் நல்லம்மாள். "சுண்டுவெரல்ல ஒட்டுங்க."

சுண்டுவிரலுக்கு ஒரு பழக்கமும் இல்லை. எப்படியோ ஒட்டி முடித்துவிட்டுக் கைகூப்பினார்.

"ஆத்தா, நீ இருக்கறியா?"

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வேம்பில் ஒரு அணில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. வலப்பக்கத்துப் பூ விழுந்தது.

மயிலப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது.

"இருக்கறா அம்மிணி! எந்தாயி இருக்கறா!"

"இன்னொருக்காக் கேளுங்க."

"எதுக்கு? அதான் சொல்லிப் போட்டாளே."

"சொன்னவ மறுபடியும் சொல்ல மாட்டாளா? எம்பேரு என்னன்னு ரெண்டு தரம் கேட்டா, ரெண்டு தரமும் நல்லம்மாதான்."

மறுபடியும் கழுவினார், ஒட்டினார், கேட்டார். இந்தத் தடவை இடப்பக்கத்துப் பூ விழுந்தது.

மயிலப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சந்தேகப்பட்டுட்டமில்ல. கோவம் வந்திருச்சு."

"கோவத்துல நான் இல்லவே இல்லேன்னு சொல்றாளாக்கும்?"

இருக்கிறவள் ஏன் இல்லை என்கிறாள்? இல்லாதவளாக இருந்தால், இல்லை என்று சொன்னது யார்? குழந்தை விடுகதைக்கு விடை தேடுவதுபோல மயிலப்பன் தரையில் கிடந்த பூவையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப நீங்க மொதப் பூவ வெச்சுக்கறீங்களா, ரெண்டாவதயா?"

"மொதப் பூவு."

"ஏனுங்க?"

"அதுதான் எனக்குப் புடிச்சிருக்குது."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கோபம் வந்துவிட்டது.

"சுத்தி வளைக்காதீங்க அம்மிணி. நீங்க படிச்சவங்க, நாலும் யோசிச்சவங்க. நீங்களே சொல்லிப் போடுங்க. இருக்கறாளா, இல்லியா? நீங்க என்ன சொன்னாலும் எனக்கு அதுதான் வேதவாக்கு."

"நான் சொன்னா அப்படியே நம்பிக்குவீங்களா?"

"கண்ண மூடிக்கிட்டு."

நல்லம்மாள் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டாள். தன் இரண்டு தோளிலும் ஊற்றிக்கொண்டாள். அம்மன் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு, கல்லைப்போலவே உட்கார்ந்தாள்.

"ஒட்டுங்க."

"என்னத்தைங்க?"

"பூவத்தான். இத்தன நேரம் கல்லக் கேட்டீங்க. இப்ப என்னயக் கேளுங்க."

மயிலப்பன் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். எட்ட நின்று, கையை நீட்டி, ஈரச் சேலைமேல் தோளுக்கு ஒன்றாக இரண்டு பூவையும் ஒட்டினார்.

"அம்மன் இருக்கறாளா?"

நல்லம்மாள் அசையவில்லை. இமைகூட ஆடவில்லை. மயிலப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போது அவளுக்கு ஒரு தும்மல் வந்தது பாருங்கள், பாறையே அதிர்ந்தது. இரண்டு பூவும் ஒன்றாக விழுந்தன.

"ரெண்டும் விழுந்திருச்சே! இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"காலங்காத்தால பச்சத்தண்ணிய ஊத்துனா தும்மல் வருமுங்கண்ணா."

மயிலப்பன் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் விழித்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோயிலுக்குள் அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. சிரிப்பு அடங்கும் முன் ஆட்டோச் சத்தம் கேட்டது.

நல்லம்மாள் வேம்படிக்குப் போய்ச் சேலைத் தலைப்பைப் பிழிய ஆரம்பித்தாள்.

ஆட்டோ பாறையை ஒட்டி வந்து நின்றது. ராக்கியண்ணன் இறங்கவில்லை. கட்டுப் போட்ட காலைச் சீட்டின்மேல் நீட்டியிருந்தார். அவர் பெண்சாதி பாவாயி மட்டும் இறங்கிவந்து அம்மனைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். பல நாளாகத் தூங்காத முகம்.

"மயிலா," என்றார் ராக்கியண்ணன். "நான் இங்கிருந்தே கும்புட்டுக்கறேன். பூவ வெய்யி."

மயிலப்பன் கல்லைக் கழுவினார். பூசைத் தட்டிலிருந்து பூவை எடுத்தார். கட்டைவிரல் தன் இடத்துக்குத் தானே வந்து நின்றது. இருந்தால் வைக்கக் கூடாது, இல்லாவிட்டால் வைக்க வேண்டும். வீட்டிலிருந்து புறப்பட்டபோது எந்த இடத்தில் நின்றாரோ அதே இடத்தில்தான் இப்போதும் நின்றார். வேம்படியைப் பார்த்தார். நல்லம்மாள் பிழிந்துகொண்டே இருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பூவைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஆட்டோவிடம் போனார்.

"ராக்கியா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். இத்தன வருசமும் பூவ விழ வெச்சது எம்பட கட்டவெரலு."

பாவாயி திடுக்கிட்டுத் திரும்பினாள். ராக்கியண்ணன் முகம் அப்படியேதான் இருந்தது.

"தெரியும்."

"தெரியுமா?"

"எங்கப்பன் பாத்த புள்ளைக்கு எடது விழுகோணும், பாவாயிக்கு வலது விழுகோணும்னு உங்கிட்டக் கெஞ்சுனது ஆரு? நாந்தானே? விழுந்துதில்ல?"

மயிலப்பன் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தார். அன்றைக்கும் அம்மன்தான் விரலை நகர்த்தினாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

"அப்ப என்னய ஆத்தா குடுக்கலியா?" என்றாள் பாவாயி. "ஆத்தா குடுத்த வாழ்க்கைன்னு வருசா வருசம் வந்து பொங்க வெச்சனே, ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டுத் தின்னீங்களே!"

அவளுக்கு நிஜமாகவே ஆத்திரம். ஆனால் தனக்காகக் கெஞ்சிய மனுஷனின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே எங்கேயோ ஒரு சந்தோஷமும் எழுந்தது. அதைக் காட்டிவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுகிட்டேவா வந்தே?" என்றார் மயிலப்பன். "அப்பறம் எதுக்கு வந்தே?"

ராக்கியண்ணன் தன் காலைப் பார்த்தார்.

"டாக்டரு கையெழுத்துப் போடுங்கறாரு. எங்காலு மயிலா. வெட்டுன்னு நானே எப்படிச் சொல்லுவேன்? ஆத்தா சொன்னான்னா சொன்னதுதான். நாளைக்கு ஏதாச்சும் ஆனாலும் டாக்டரு மேல பழியில்ல, உம்மேல பழியில்ல, எம்மேலயும் இல்ல. அதுக்குத்தான் வந்தேன். பேசாம வலது பூவ விழுகச் செய்யி."

மயிலப்பன் கல்லைத் திரும்பிப் பார்த்தார். எத்தனை பேர் பழி அதன்மேல் வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்தார். பாவமாக இருந்தது.

"பூவு வேண்டாம் ராக்கியா. டாக்டரு சொல்றதுதான் எனக்குச் சரீன்னு படுது. நாஞ்சொல்றேன், கால எடுத்துக்க."

"நீ சொன்னா பயமா இருக்குதுடா."

"எனக்குந்தான்."

"ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

"மயிலந்தான் சொன்னான்னு ஊரு பூராச் சொல்லு. நீ இல்லீன்னா உம்பொண்டாட்டி சொல்லட்டும்."

ராக்கியண்ணனுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தனியாப் போக மாட்டேன்," என்றார் கடைசியில்.

"தனியா உன்னய ஆரு உட்டா? நகரு."

மயிலப்பன் ஆட்டோவில் ஏறி, கட்டுப் போட்ட காலை அலுங்காமல் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாவாயி டிரைவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தாள். வண்டி புறப்படும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. விளக்குப் போடவில்லை, பூசை ஆகவில்லை. அம்மனை அப்படி விட்டுவிட்டு அவர் ஒருநாளும் எங்கேயும் போனதில்லை. தலையை வெளியே நீட்டினார்.

"அம்மிணி! அவ இருக்கறாளா இல்லியான்னு கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லியே!"

நல்லம்மாள் வேம்படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கறான்னு சொன்னா, வண்டிய உட்டு எறங்கப் போறீங்களாங்கண்ணா?"