ஒரே முகப்பு, ரெண்டு மனு

சிரிச்சுக்கிட்டே கேளுங்க, தப்பில்ல. ஆனா கடைசியில ஒரு கேள்வி வச்சிருக்கேன். பதில் சொல்லாம யாரும் எந்திரிச்சுப் போகக் கூடாது.

தெக்குப் பக்கம் ஒரு சின்ன டவுன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு மாடிக் கட்டடம். கீழ சூசைராஜோட பேக்கரி. மாடியில மரகதவல்லியோட லேடீஸ் டைலர் கடை. பதினோரு வருசப் பழக்கம். அந்தம்மா நாலு வயசு மூத்தவங்க, அதனால அக்கான்னுதான் கூப்பிடுவாரு. அடுப்புல கொஞ்சம் கூடுதலா நின்னுட்ட பன்னெல்லாம் மாடிக்குப் போகும். "அக்கா, இன்னைக்குப் பன்னு வேற ருசியா வந்திருக்கு"ம்பாரு. "கருகிப்போச்சுன்னு சொல்லேன் தம்பி"ம்பாங்க. அவரு சட்டையில பட்டன் போனா மறுநாளே அது மாடியில இருந்து தச்சு இறங்கும்.

கட்டடத்து நெத்தியில ரெண்டு போர்டும் ஒட்டிக்கிட்டே நின்னுச்சு. ரெண்டுக்கும் அனுமதி கிடையாது. அந்தத் தெருவுல எவன் வாங்கினான், இவங்க வாங்க?

ஐப்பசி மாசம் நகராட்சியில இருந்து நோட்டீஸ் வந்துச்சு. அனுமதி இல்லாத போர்டை எல்லாம் கழட்டப் போறோம், வேணுங்கறவங்க மனு குடுங்கன்னு. சும்மா மனு இல்ல. ஓனர் சம்மதக் கடிதம், நீள அகலம் போட்ட படம், சுவர் தாங்குமான்னு இன்ஜினியர் கையெழுத்து, எல்லாம் வேணும். மரகதம் தீபாவளி ஜாக்கெட்டுக்குள்ள முங்கிக் கிடந்தாங்க. உன்னுதோட என்னுதையும் சேத்துக் குடுத்துரு தம்பின்னு சூசைராஜ் கையில குடுத்துட்டாங்க.

போற வழியில மழை பிடிச்சுக்கிச்சு. அக்கா மனு நனையக் கூடாதுன்னு அதை அடியில வச்சு, தன்னோடதை மேல வச்சு, ரொட்டிக் கவருக்குள்ள சொருகிக்கிட்டு ஓடினாரு. நல்ல மனுசன்தான், இல்லைங்கல.

கவுண்டர்ல கிளார்க் குமரகுரு. அவரு வாயால பேசி யாரும் பாத்ததில்ல, எல்லாம் மூக்காலதான். ரெண்டு மனுவையும் பொரட்டினாரு.

"ஏம்ப்பா, ரெண்டும் ஒரே கட்டடமா? ஒரு முகப்புக்கு ஒரு போர்டுதான். முதல் நம்பருக்குத்தான் கிடைக்கும். எதுக்கு முதல்ல சீல் போடட்டும்?"

சூசைராஜ் ரெண்டு மனுவையும் மாறி மாறிப் பாத்தாரு. பேக்கரிக்குப் போர்டு இல்லாட்டியும் ரொட்டி வேகுற வாசனை தெருமுனை வரைக்கும் போயி ஆளைக் கூட்டிட்டு வந்துரும். மாடியில ஒரு டைலர் இருக்காங்கன்னு போர்டு சொல்லாம யாருக்குத் தெரியும்? அவருக்கு இது தெரியாம இல்ல. ஆனா தன் பேரைச் செவப்புல எழுதி மேல ஏத்தின அன்னைக்கு எதிர்ச்சாரியில நின்னு அரைமணி நேரம் பாத்த மனுசன் அவரு. பின்னால வரிசையில நகருய்யா நகருய்யான்னு முதுகுல நெட்டுறாங்க.

"மேல இருக்கற மனுவை எடுங்க சார்"ன்னுட்டாரு.

சீலு விழுந்துச்சு. அவரு மனு நம்பர் நாப்பத்தொண்ணு, அக்கா மனு நாப்பத்திரெண்டு. ஏழு நாளைக்குள்ள யாராவது ஆட்சேபம் எழுதிக் குடுத்தாலும், நாப்பத்தொண்ணே வாபஸ் வாங்கினாலும், போர்டு அடுத்த நம்பருக்குப் போயிரும்னு சொன்ன குமரகுரு, ஆட்சேப பாரம் ஒண்ணையும் கையில திணிச்சாரு.

சூசைராஜ் மாடி ஏறினாரு. என்னுது மேல இருந்துச்சுக்கா, எடுத்துட்டாங்கன்னு பாதி உண்மையைச் சொன்னாரு. பாரத்தை மெஷின் மேல வச்சிட்டு இறங்கிட்டாரு. அக்கா அதை நிரப்பிக் குடுத்தா நாம விட்டுக் குடுத்துரலாம்னு அவரு கணக்கு.

மரகதம் அந்தப் பாரத்தைப் பாத்தாங்க. ஏழு நாள் கெடு, வாபஸ் விதி எல்லாம் அதுலயே அச்சடிச்சிருந்துச்சு. தம்பி மேல நானே ஆபீஸ்ல போயி எழுதிக் குடுக்கணுமா? அவனுக்கு மனசிருந்தா அவனே வாபஸ் வாங்க மாட்டானான்னு நினைச்சாங்க. பாரத்தை மடிச்சு, கழுத்து அளவுக்கு வெட்டி, ஜாக்கெட் வெட்டுற அளவுக் காகிதமாக்கிட்டாங்க.

இவரு ஏழு நாளும் மாடிப்படியைப் பாத்தாரு. அவங்க ஏழு நாளும் கீழ பேக்கரியைப் பாத்தாங்க. பன்னு மட்டும் வழக்கம்போலப் போச்சு. எட்டாம் நாள் நகராட்சி ஆளுங்க வந்து மாடிப் போர்டைக் கழட்டி வண்டியில போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.

தையில முகூர்த்தம் வந்துச்சு, புது ஆளு ஒருத்தரும் மாடி ஏறல. மாசியில மரகதம் மெஷினைத் தூக்கிக்கிட்டு ரைஸ் மில்லுக்குப் பின்னால ஒரு சந்துக்குப் போயிட்டாங்க. போறப்ப, "வர்றேன் தம்பி"ன்னாங்க. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் குமரகுரு பஃப்ஸ் வாங்க வந்தாரு. மேல பூட்டியிருக்கறதைப் பாத்தாரு.

"ஒரே போர்டுல ரெண்டு பேரையும் எழுதியிருக்கலாமேப்பா. விதியில இடம் இருக்கே."

சூசைராஜ் கையில இருந்த இடுக்கி அப்படியே நின்னுச்சு. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"நீ கேக்கலையே"ன்னுட்டு அவரு பஃப்ஸைக் கடிச்சாரு.

இப்பச் சொல்லுங்க. மூணு பேரும் வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க. கேட்டாத்தான் சொல்லுவேன்னு ஒருத்தர், நானாக் கேக்க மாட்டேன்னு ஒருத்தங்க, அவங்க கேக்கட்டும்னு ஒருத்தர். முதல்ல வாய் திறந்திருக்க வேண்டியது யாரு?

விடை: மரகதம் இல்ல. அவங்க கேட்டா அது தம்பி மேல புகார் குடுத்த மாதிரி ஆயிரும். குமரகுரு மேல தப்பு உண்டு, ஆனா அவரு பாத்தது ரெண்டு காகிதம்தான், பதினோரு வருசத்தை அவரு பாக்கல. காகிதத்தையும் வருசத்தையும் சேத்துத் தெரிஞ்சவரு சூசைராஜ் ஒருத்தர்தான். வாபஸ்னு ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு அக்காவோட பாரம் எதுக்கு? பாரத்தைக் குடுத்தது பேசினதா ஆகாது. இன்னைக்கும் மேல தச்சவங்க எங்கன்னு யாராவது கேட்டா, கல்லாவை விட்டு இறங்கி, மில்லு வரைக்கும் கூடவே நடந்து போயி, சந்து இருக்கற பக்கம் கை காட்டிட்டு வர்றாரு. சந்துக்குள்ள மட்டும் போறதில்ல.